வழியோரம் நின்றவர்கள்: ஓர் எதிர்வினை

எம் கல்லூரியில் முன்பு இளங்கலைத் தமிழ் பயின்ற மாணவி ஒருவர் இப்போது அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், லாஸ் குரூசஸ் என்னும் ஊரில் குடியிருக்கிறார். அவர் எழுதிய மடல் ஒன்றை, அவருடைய இசைவோடு, எம் இலக்கிய வட்டத்தின் மாதக் கூட்டத்தில் வாசித்தோம். அதற்கு எழுந்த இரண்டு விமர்சனங்களே இக்கட்டுரைக்குக் காரணம். கூட்டத்தில் நாம் வாய் திறக்கவில்லை. சொல்ல வேண்டியவை வீடு திரும்பும் வழியில்தான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஆசிரியத் தொழிலில் இருப்போர்க்கு இது புதிய நோயன்று.

மடலின் பொருளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அவ்வூருக்கு அருகில் வெண்மணல் ஏவுகணைத் தளம் என்னும் இராணுவ நிலப்பரப்பு உண்டு. ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் அங்கே ‘பட்டான் நினைவு மரண நடை’ நிகழ்கிறது. மணலும் மேடுமான தடத்தில் 26.2 மைல், அதாவது 42 கிலோமீட்டர் நடக்க வேண்டும். படையினரும் வருவர், பொதுமக்களும் வருவர். சுமையோடு நடக்கும் பிரிவில் சேர்வோர் முதுகில் குறைந்தது 35 பவுண்டு ஏற்றிக்கொள்ள வேண்டும். மாணவியின் கணவர் கணினிப் பொறியாளர். அலுவலகத் தோழர்களோடு அந்தப் பிரிவில் சேர்ந்தார். சுமையாக அவர் தெரிவு செய்தது அரிசி. நடை முடிந்ததும் அதை ஏழைகளுக்கான உணவு வங்கிக்குக் கொடுத்துவிடலாம் என்பதால் பலரும் அரிசியும் பயறும் சுமப்பது அங்கே வழக்கம்.

கணவர் நடந்ததைப் பற்றி மடலில் நான்கு வரிதான் இருந்தது. மீதமெல்லாம் அதற்கு முந்தைய நான்கு மாதங்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் பயிற்சிக்கு நடக்க, மகனைப் பின்னிருக்கையில் அமர்த்திக் காரை ஓட்டிச் சென்று, ஐந்து மைலுக்கு ஒருமுறை தண்ணீரோடு காத்திருந்தது. எந்தக் காலுறை கொப்புளம் தருகிறது, எது தரவில்லை என்று குறித்து வைத்தது. குதிகாலில் ஒட்டுத்துணி ஒட்டக் கற்றது. ஒரு மாலை பொறுமை இழந்து, “இந்த அரிசி மூட்டையையும் தூக்கிக்கொண்டு எங்கேயாவது போய்விடுங்கள்” என்று கத்தியதையும் மறைக்காமல் எழுதியிருந்தார். நடை நாளன்று இரண்டு மணிக்கு எழுந்து இருட்டில் கணவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, தாமும் தன்னார்வலராக ஒரு தண்ணீர்ப் பந்தலில் நின்றார். அருகில் கைக்குழந்தையோடு ஓர் ஆண். அவருடைய மனைவி சீருடையில் நடந்துகொண்டிருந்தாராம். மாலையில் கணவரின் காலணியை அவிழ்த்தபோது இரண்டு நகங்கள் கறுத்திருந்தன. “அவர் நடந்தார், நான் நின்றேன், இருவருக்கும் கால் வலித்தது” என்று மடல் முடிந்தது.

முதல் விமர்சனம் எம் நண்பரான கவிஞர் ஒருவருடையது: “இது ஏகாதிபத்தியப் படையின் சடங்கு. அதில் நடப்பவன் போருக்கு அடிமை. அவன் காலுக்கு மருந்திடுபவள் போருக்கும் கணவனுக்கும் சேர்த்து இரட்டை அடிமை.” இரண்டாவது, ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவருடையது. அவர் கண் கலங்கிவிட்டார்: “மூதின்முல்லை! கடல் கடந்து போயும் புறநானூற்றுப் பெண் சாகவில்லை!” கூட்டம் இரண்டுக்கும் கைதட்டியது. ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டுக்கும் ஒரே கூட்டம் எப்படிக் கைதட்டியது என்று யோசித்தபோதுதான் எமக்கு விளங்கியது. இரண்டு கருத்திலும் அந்தப் பெண் இல்லை. ஒன்றில் அடிமை இருக்கிறாள். மற்றதில் சிலை இருக்கிறது. நான்கு மாதம் கார் ஓட்டியவள் எதிலும் இல்லை.

*

முதலில் கவிஞருக்கு. அந்த நடை எதை நினைக்கிறது என்பதை அறியாமல் அதைப் பழிப்பது முறையன்று.

பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில் உள்ள தீபகற்பம் பட்டான். 1942 ஏப்ரல் 9 அன்று அங்கிருந்த அமெரிக்க, பிலிப்பினோப் படைகள் ஜப்பானியரிடம் சரணடைந்தன. மூன்று மாத முற்றுகையில் உணவும் மருந்தும் தீர்ந்து, மலேரியாவும் வயிற்றுப்போக்கும் தின்றது போக எஞ்சிய படை அது. தளபதி எட்வர்ட் கிங் மேலிடத்து ஆணையை மீறித்தான் சரணடைந்தார். தம் ஆட்களை வீணே சாகவிட அவர் மனம் ஒப்பவில்லை. கைதிகள் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பிலிப்பினோக்கள். மரிவெலெஸ் முதல் சான் பெர்னாண்டோ வரை 65 மைல் அளவுக்கு வெயிலில், தண்ணீரின்றி நடத்தப்பட்டார்கள். பின்தங்கியவர்களைத் துப்பாக்கிக் கத்தி முடித்தது. பிறகு மூச்சுவிட இடமில்லாத சரக்கு வண்டிகளில் அடைப்பு. பிறகு மீண்டும் நடை. பிறகு ஓடானல் முகாம். வழியில் இறந்தோரின் கணக்கு ஆய்வாளருக்கு ஆய்வாளர் வேறுபடும். அமெரிக்கர் சில நூறு பேர், பிலிப்பினோக்கள் பல ஆயிரம் பேர் என்பதில் ஐயமில்லை. முகாமில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பிலிப்பினோக்கள் இறந்தனர்.

இதற்கும் நியூ மெக்சிகோவுக்கும் என்ன தொடர்பு? அந்த மாநிலத்தின் தேசியக் காவல்படையைச் சேர்ந்த பீரங்கிப் படைப்பிரிவு அங்கே இருந்தது. சென்றவர்கள் சுமார் 1,800 பேர். திரும்பாதவர்கள் 800க்கும் மேல். மக்கள்தொகை குறைந்த மாநிலம் அது; சிற்றூர்கள்தோறும் சாவு புகுந்தது. 1989இல் நியூ மெக்சிகோ அரசுப் பல்கலைக்கழகத்தின் படைப்பயிற்சி மாணவர்கள் தொடங்கிய நடையே 1992இல் ஏவுகணைத் தளத்துக்கு மாறி இன்றும் தொடர்கிறது.

கவிஞர் கவனிக்க வேண்டியது இதுதான்: நினைக்கப்படுவது வெற்றியன்று, தோல்வி. அமெரிக்கப் படை வரலாற்றின் மிகப் பெரிய சரணடைவுகளுள் ஒன்று. அங்கே எவரும் நாடு பிடித்த கதை சொல்வதில்லை. பசித்தவன், தாகித்தவன், கீழே விழுந்தவன், விழுந்தவனைத் தூக்கியவன் ஆகியோரின் கதையே சொல்லப்படுகிறது. நம் நடுகற்களில் ‘பட்டான்’ என்ற சொல் ‘வீழ்ந்துபட்டான்’ என்னும் பொருளில் திரும்பத் திரும்ப வரும். பெயரொற்றுமை தற்செயல்தான், ஆயினும் தமிழ் படித்தவர் அந்தப் பெயரைக் கேட்டதும் வேறெதையும்விட நடுகல்லையே நினைத்திருக்க வேண்டும்.

கவிஞர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டோம். அந்த ஏவுகணைத் தளத்தின் எல்லைக்குள்தான் டிரினிட்டி என்னும் இடம் இருக்கிறது. 1945 ஜூலை 16 அன்று உலகின் முதல் அணுகுண்டு அங்கேதான் வெடித்துச் சோதிக்கப்பட்டது; மூன்று வாரங்களில் ஹிரோஷிமா. வதைபட்டவனை நினைக்கும் மண்ணிலேயே வதைக்கும் கருவியும் பிறந்தது. நினைவுகூர்வோர் இதை மறைத்தால் கண்டிப்போம். இன்னொன்றையும் கண்டிப்போம். பட்டானில் அமெரிக்கக் கொடியின் கீழ் போரிட்ட பிலிப்பினோக்களின் படைப்பணி, சலுகைகளைப் பொறுத்தவரை படைப்பணியே அன்று என 1946இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் இயற்றியது. 2009இல்தான் ஒருமுறைத் தொகை வழங்கப்பட்டது: அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருந்தால் 15,000 டாலர், இல்லையேல் 9,000. காங்கிரசின் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது 2017இல். அதைப் பெறப் பலரும் உயிரோடு இல்லை.

இத்தனையும் அரசின் பிழைகள். அரசின் பிழைக்காகத் தண்ணீர்க் குவளை ஏந்தியவளைத் தண்டிப்பது எந்த வகை முற்போக்கு? மேலும் ஒரு செய்தி: 2003இல் அந்த நடை நிகழவில்லை. ஈராக் போர் தொடங்கிய ஆண்டு அது. நினைவு நடையும் போரும் ஒன்றே என்பாருக்கு இதைச் சொல்லி வைக்கிறோம். புதிய போர் வந்ததும் பழைய போரின் நினைவைத்தான் முதலில் நிறுத்தினார்கள்.

*

‘துணை நிற்றல் இரண்டாம் தரமான வேலை, நடப்பவனே நினைவுகூர்கிறான், நிற்பவள் வேடிக்கை பார்க்கிறாள்’ என்னும் எண்ணம் இரண்டு விமர்சகர்களுக்கும் பொது. இதுதான் எமக்குப் பெரும் பிழையாகப் படுகிறது. 1942 ஏப்ரலில் அந்தச் சாலையில் நடந்தது என்ன என்று பார்த்தாலே பிழை வெளிப்பட்டுவிடும்.

உயிர் பிழைத்தவர்களின் நினைவுக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் காட்சி ஒன்று உண்டு. கைதிகளின் வரிசை ஊர்களைக் கடக்கும்போது பிலிப்பினோப் பொதுமக்கள் சாலையோரம் வந்து நின்றார்கள். வாழையிலையில் பொதிந்த சோற்றை எறிந்தார்கள். கரும்புத் துண்டை நீட்டினார்கள். தண்ணீர்ப் பாத்திரங்களை வழியில் வைத்தார்கள். காவலர் பாத்திரங்களை உதைத்துக் கவிழ்த்தனர், கொடுத்தவர்களை அடித்தனர், சிலரைக் கொன்றனர். மறுநாளும் ஆட்கள் வந்து நின்றார்கள். நடந்தவர்களுக்கு வேறு வழியில்லை. நின்றவர்களோ வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டிருக்கலாம். சாத்தாமல் வெளியே வந்தவர்கள் அவர்கள். அப்படியானால் அந்தச் சாலையில் வீரம் யாருடையது?

இன்னொரு சான்று. பென் ஸ்கார்டன் என்பவர் பட்டானில் கைதாகி உயிர் மீண்ட படை அதிகாரி. பின்னாளில் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தார். நம்மைப் போல் இலக்கிய ஆசிரியர். தொண்ணூறு வயதைக் கடந்த பின்னரும் நினைவு நடைக்கு வந்து எட்டரை மைல் நடந்தவர். நூறு வயதிலும் அந்தத் தடத்தில் இருந்தார். 2021இல், 104 வயதில் மறைந்தார். எதற்காக நடக்கிறீர் என்று கேட்டால் அவர் தம்மைப் பற்றிப் பேசுவதில்லை. தம்மோடு ஒரே கல்லூரியில் படித்த ஹென்றி லைட்னர், ஓட்டிஸ் மோர்கன் என்னும் இருவரைப் பற்றியே பேசுவார். முகாமில் ஸ்கார்டன் நோயுற்று எழ முடியாமல் கிடந்தபோது, அவர் ஒளித்து வைத்திருந்த கல்லூரித் தங்க மோதிரத்தைக் காவலர் ஒருவரிடம் மாற்றி ஒரு டின் இறைச்சியும் ஒரு கோழியும் வாங்கி வந்து, கரண்டியால் ஊட்டிக் காப்பாற்றியவர்கள் அவர்கள். கோழியின் எலும்பைக்கூட வீணாக்கவில்லை. ஸ்கார்டன் வீடு திரும்பினார், அவ்விருவரும் திரும்பவில்லை.

ஆகவே அந்த நடையின் உள்ளே இருப்பது என்ன? நடந்த கால்களா? அன்று, ஊட்டிய கைகள். நூறு வயதுக் கிழவர் பாலைவனத்தில் நடந்தது தமக்குத் துணை நின்ற இருவரை உலகம் மறக்கக் கூடாது என்பதற்காக. அப்படிப்பட்ட நடையில் கணவனின் குதிகாலுக்கு ஒட்டுத்துணி ஒட்டுகிறவள் நினைவின் ஓரத்தில் நிற்கவில்லை, நடுவில் நிற்கிறாள். அன்று பிலிப்பினோப் பெண் நின்ற இடம் அது. அன்று உயிரை வைத்துச் செய்ததை இன்று ஒரு சனிக்கிழமையை வைத்துச் செய்கிறாள் என்பது உண்மை. விலை குறைவு என்பதால் செயல் பொய்யாகிவிடாது.

நியூ மெக்சிகோவில் காத்திருந்தோரின் கதையும் இதையே சொல்லும். 1942இல் கைதிகளின் குடும்பத்தார் ஆல்புகெர்க்கி நகரில் ஒன்றுகூடி நிவாரண அமைப்பு ஒன்றைத் தொடங்கினர்; பணம் திரட்டினர், அரசுக்கு எழுதிக்கொண்டே இருந்தனர். மரண நடை என ஒன்று நிகழ்ந்ததையே அமெரிக்க அரசு 1944 ஜனவரியில்தான் பொதுமக்களுக்கு அறிவித்தது. சில சொற்களே அடங்கும் அச்சிட்ட அட்டைகள் சிலருக்கு வந்தன. சிலருக்கு எதுவும் வரவில்லை. இந்தத் தாய்மாரும் மனைவியரும் ‘முல்லை’ சான்று இருந்து கண்ணீர் விட்டவர்கள் அல்லர். கேள்வி கேட்டு அதிகாரிகளைத் தொல்லைப்படுத்தியவர்கள்.

*

இனி எம் மூத்த ஆசிரியருக்கு. அவர்மீது எமக்குள்ள மதிப்பு குறையாது. ஆனால் இவ்விடத்தில் அவர் நம் இலக்கியத்தையே பாதி மறைத்துவிட்டார்.

மூதின்முல்லை என்றவுடன் நம் நெஞ்சில் எழுவது புறநானூற்று 279ஆம் பாட்டு. ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. முன்னொரு நாள் தந்தையை இழந்து, நேற்றுக் கணவனை இழந்து, இன்று ஒரே மகனுக்கு எண்ணெய் பூசித் தலைவாரி வேலைக் கையில் கொடுத்துக் களத்துக்கு அனுப்பும் பெண். மேடைதோறும் முழங்கும் பாட்டு. நாமும் பதினெட்டு ஆண்டுகளாக அதை நடத்தி வருகிறோம். ‘மூதின் மகளிர் மாண்பினைக் கட்டுரைக்க’ என்று எத்தனை வினாத்தாள்களில் எழுதினோம் என்று எண்ணிப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

அதற்கு இரண்டே பாட்டுத் தள்ளி 281 இருக்கிறது. அரிசில்கிழார் பாடியது, துறை தொடாக்காஞ்சி. புண்பட்டு வந்து வீட்டில் கிடக்கும் வீரனைப் பேய் அண்டாமல் மனைவி காப்பதைச் சொல்லும் துறை என்று தொல்காப்பியம் இலக்கணம் சொல்கிறது. அந்தப் பாட்டில் பெண் தனியாக இல்லை, தோழியை அழைக்கிறாள். இரவ இலையும் வேப்பிலையும் வீட்டில் செருகவும், யாழும் பிற கருவிகளும் ஒலிக்கவும், மை பூசவும், வெண்சிறுகடுகு தூவவும், குழல் ஊதவும், மணி அடிக்கவும், நறும்புகை எழுப்பவும், வா, அவன் புண்ணைக் காப்போம் என்று கூப்பிடுகிறாள். ஓர் இரவுக்கான வேலைப் பட்டியல் அது. நம் மாணவியின் மடலும் அதே போன்ற பட்டியல்தான். காலுறை, பொடி, ஒட்டுத்துணி, தண்ணீர், ஆரஞ்சுச் சுளை.

எம் மாணவர் எவரையேனும் நிறுத்தித் தொடாக்காஞ்சி என்றால் என்ன என்று கேளுங்கள். விழிப்பார்கள். குற்றம் அவர்களுடையதன்று. அனுப்புகிறவளை நாம் பாடமாக்கினோம். புண்ணுக்கு மருந்திடுபவளை அடிக்குறிப்பாக்கினோம். அனுப்புகிற பெண் அரசுக்குப் பயன்படுகிறாள், மேடைக்கும் பயன்படுகிறாள். அவளைப் புகழ்வதில் நமக்கு யாதொரு செலவும் இல்லை. மருந்திடுகிறவளைப் புகழத் தொடங்கினால் அடுத்த கேள்வி வரும்: நீ எந்தப் புண்ணுக்கு மருந்திட்டாய்? யாருக்காகக் கண் விழித்தாய்? அந்தக் கேள்வி பேராசிரியர்களுக்கு உவப்பானதன்று.

ஆகவே எம் மாணவியை மூதின்மகள் என்று வாழ்த்தாதீர்கள். அவர் எவரையும் களத்துக்கு அனுப்பவில்லை. சாவு வேண்டும் என்று சொல்லவில்லை. மூட்டையோடு போய்த் தொலையுங்கள் என்று ஒரு நாள் கத்தியும், அடுத்த சனிக்கிழமை தண்ணீரோடு காத்திருந்தும், உயிருள்ள இல்லறம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தார். கைக்குழந்தையோடு மனைவிக்காக நின்ற அந்த ஆணையும் சேர்த்தே சொல்கிறோம். தொடாக்காஞ்சியில் மனைவியின் இடத்தில் கணவனும் நிற்கலாம் என்று புதிய சூத்திரம் எழுதக் காலம் கனிந்துவிட்டது.

*

கடைசியாக, இந்தப் பழிப்பும் புகழ்ச்சியும் எந்த ஊரில் நிகழ்ந்தன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பட்டான் வீழ்ந்த அதே 1942இல், அதே ஜப்பானியப் படை, சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் இரயில் பாதை போடத் தொடங்கியது. அதில் பணிசெய்விக்கப்பட்ட நேசநாட்டுக் கைதிகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளரில் இறந்தோர் அதைப் போல் பல மடங்கு. அவர்களுள் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் மிகப் பலர். காஞ்சனபுரியில் போர்க் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறை வரிசைகள் உண்டு. ஆஸ்திரேலியர் ஒவ்வோர் ஏப்ரல் 25 அன்றும் விடியற்காலையில் அப்பாதையின் மலைப்பிளவில் கூடித் தம்மவரை நினைக்கின்றனர். இறந்த தமிழனுக்கு அங்கே பெயர் பொறித்த கல்லறை இல்லை. தோட்டத்து லயங்களில் காத்திருந்த அவன் மனைவிக்கு அச்சிட்ட அட்டையும் வரவில்லை, பட்டியலும் வரவில்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ போன்ற ஒரு சில மலேசிய நாவல்கள் அவர்களை மறக்கவிடாமல் காத்தன. அவற்றையும் நம்மில் எத்தனை பேர் படித்தோம்?

அவர்களுக்காக நடப்பதற்கு நம்மிடம் ஆளில்லை. நடப்பவர் இருந்தால்தானே காலுக்கு மருந்திடுவோரும் இருப்பர்? பிறர் தம் இறந்தோரை நினைக்கும் முறையைப் பழிக்கவும், அதற்குத் துணை நின்ற நம் பெண்ணைச் சிலையாக்கவும் மட்டும் நமக்கு நேரம் இருக்கிறது.

வரும் பருவத்தில் 279ஐ நடத்தும் வாரத்திலேயே 281ஐயும் நடத்துவதென்று முடிவு செய்திருக்கிறோம். பாடத்திட்டத்தில் அது இல்லை. தேர்வில் வினா வராது. இருக்கட்டும். வகுப்பின் தொடக்கத்தில் எம் மாணவியின் மடலைப் படிப்போம். கவிஞரும் ஆசிரியரும் வந்து கடைசி வரிசையில் அமரலாம். இருவருக்கும் தண்ணீர் வைத்திருப்போம்.